அடித்தவள்தான் எடுக்க வேண்டும்

சிப்பிக்காட்டு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஞானமுத்து, தன் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி மாட்டிய அன்றைக்கே, பள்ளிக்கூடத்தில் கிடந்த ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து, தோல் உரிந்த கிரிக்கெட் பந்து, யாருடையதென்றே தெரியாத ஒரு பிளாஸ்டிக் பந்து என அத்தனையையும் பொறுக்கிவரச் சொல்லி, இரும்பு பீரோவுக்குள் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேட்டை மட்டும் விட்டுவைத்தார். பேட்டால் இதுவரை எந்தக் கண்ணாடியும் உடைந்ததில்லை என்பது அவர் கணக்கு.

பந்தில்லாத பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டுப் பீரியட் எதற்கு என்று முதலில் கேட்டவர் கணக்கு வாத்தியார் தேவசகாயம். விளையாட்டுப் பீரியட் மணி அடித்தால் போதும், சாக்பீஸும் கையுமாக வாசலில் வந்து நின்று, "இந்த ஒரு பீரியட் மட்டும் குடுங்க டீச்சர், போர்ஷன் முடியல" என்று பல்லைக் காட்டுகிற மனிதர் அவர். நம் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தலைமையாசிரியரும் தலையை ஆட்டி, "கணக்குக்கே குடுத்துரலாமே டீச்சர்" என்றார். விளையாட்டு டீச்சர் ஜெபக்கனிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உப்பளத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் வாரம் முழுக்க வாய்விட்டுக் கத்தக் கிடைப்பது அந்த நேரம் ஒன்றுதான். "பந்து இல்லாமலே பேட்டிங் சொல்லிக்குடுக்கேன் சார்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

பள்ளிக்குப் பின்னால் உப்புப் பூத்த பொட்டல்தான் மைதானம். கிழக்கே ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் வடிவக்கா வீடு. உப்பு வாரும் பலகையை அறுத்துச் செதுக்கியதுதான் பேட். அந்த மைதானத்துக்கென்று சில சட்டங்கள் இருந்தன. ஒரு குத்துக் குத்தி எழும்பிய பந்தை ஒற்றைக் கையால் பிடித்தாலும் அவுட். மதிலைத் தாண்டி அடித்தாலும் அவுட். எல்லாவற்றுக்கும் மேலே, பந்து எங்கே போய் விழுந்தாலும் அடித்தவள்தான் எடுக்க வேண்டும். சாக்கடையோ, முள்ளோ, நாய் படுத்திருக்கும் இடமோ, வேறொருத்தி போய் எடுத்தால் அது குற்றம்.

ஜெபக்கனி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு கட்சியாகப் பிரித்தாள். செருப்புகளை ஜோடி ஜோடியாக வைத்து வாசல் கட்டினாள், தூரத்தில் ஒரு வாளியைப் படுக்கப் போட்டாள். பந்தைச் செருப்புக்கு நடுவே தட்டிவிட்டால் ஒரு ரன், வாளிக்குள் போனால் நாலு. "பந்து ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கிடுங்கட்டி. இந்தா வருது. கண்ணை அதுமேலயே வையி. முன்னங்காலைப் பந்து விழுற இடத்துக்குக் கொண்டு போ. முழங்கை மேல. இப்போ அடி!" என்றாள். முதல் நாள் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாள் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள். அதற்கடுத்த வாரம், "வாளிக்குள்ள போகல டீச்சர், வெளிய உருண்டுட்டு, நான் பார்த்தேன்" என்று ஒருத்தி சொல்ல, "பொய் சொல்லாதட்டி, உள்ளதான் போச்சு" என்று இன்னொருத்தி சொல்ல, சடையைப் பிடித்து இழுத்துச் சண்டை மூண்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அந்த வகுப்பில் சந்தனமாரி என்று ஒருத்தி. வகுப்பில் வாயே திறக்காதவள், பேட்டைப் பிடித்தால் மட்டும் நாக்கைக் கடித்துக்கொள்வாள். ஒரு புதன்கிழமை, முன்னங்காலை வைத்து, முழங்கையை உயர்த்தி, அவள் வீசிய வீச்சில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோருடைய தலையும் சொல்லிவைத்தாற்போல் மேலே போய், வளைந்து, இறங்கி, தலைமையாசிரியர் அறைப் பக்கம் திரும்பியது. புதுக் கண்ணாடி சலசலவென்று கொட்டியது.

சந்தனமாரி பேட்டைக் கீழே வைத்துவிட்டுச் சட்டப்படி நடந்து போனாள். "சார், பந்து" என்றாள். ஞானமுத்து எழுந்து பார்த்தார், குனிந்து பார்த்தார், கடைசியில் தன் காலை லேசாக நகர்த்திக்கொண்டார். அவள் மேசைக்கடியில் புகுந்து, கையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். அவருக்குத் தலை சுற்றியதெல்லாம் இல்லை. பந்து இருக்கிறதென்றால் பூட்டு போட்டது வீண், இல்லையென்றால் கண்ணாடிக்கு யாரைத் திட்டுவது என்று இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்து, இரண்டும் தனக்குச் சாதகமாக இல்லை என்று கண்டுகொண்டு, ஜெபக்கனியைக் கூப்பிட்டார். "அடுத்த மாசம் டவுன்ல வட்டாரப் போட்டி இருக்கு. உங்க பிள்ளைக ஜெயிச்சா பீரியட் உங்களுக்கு. தோத்தா தேவசகாயம் சாருக்கு. அதுக்கு அப்புறம் எங்கிட்ட வரக்கூடாது."

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், சும்மா எடுத்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத பந்து என்று யாரும் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்துப் பந்து என்றார்கள். டீக்கடை செல்லப்பாண்டி, மணி அடித்து விளையாட்டுப் பீரியட் தொடங்கியதும் கண்ணாடிக் குவளைகளை உள்ளே எடுத்து வைத்தார். மினி பஸ் டிரைவர் வளைவில் பிரேக் போட்டு, பந்து ரோட்டைக் கடக்கும்வரை காத்திருந்தார், உள்ளே இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நாலா ஒண்ணா என்று மட்டும் விசாரித்தார்கள். உப்பளத்தில் வேலை முடிந்து வரும் பெண்கள், "அக்கா, பந்து!" என்று கூப்பாடு கேட்டால், தூக்குவாளியைக் கீழே வைத்து, நாலடி தள்ளி நின்று, சந்தனமாரி ஓடிவந்து எடுக்கும்வரை அதைக் காலால் கூடத் தொடாமல் காவல் இருந்தார்கள், ஏனென்றால் அடித்தவள்தான் எடுக்க வேண்டும். தபால்காரருக்கு முழங்கால் வீங்கியபோது அவர் வீட்டம்மா தைலம் தேய்த்துக்கொண்டே, "பந்து வாறது தெரியலயா, கண்ணை எங்க வெச்சிட்டு சைக்கிள் ஓட்டுதிய" என்று அவரைத்தான் திட்டினாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவரின் தலையில் பட்டு அவர் தடவிக்கொண்டு திருதிருவென்று விழித்தபோது, பெண்ணின் அப்பா, "ஒண்ணுமில்ல, பிள்ளைக விளையாடுது" என்று சொல்லிக் கேசரித் தட்டை முன்னால் தள்ளினார். ஒருநாள் பந்தை நாய் கவ்விக்கொண்டு போனது. துரத்திப் பிடுங்கி, அடிபம்பில் கழுவி, மதில்மேல் காய வைத்தார்கள், அன்றைக்கு அது நனைந்து கனத்துப்போனதால் தரையோடு அடிக்கும் அடிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தாள் ஜெபக்கனி.

ஜெபக்கனிக்கு அந்த நாட்களில் கால் தரையில் பாவவில்லை. சின்ன வயதில் அவளுக்கு யாரும் பேட்டைக் கொடுத்ததில்லை. அண்ணன்மார் விளையாட, இவள் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். பயிற்சிக் கல்லூரியில் புத்தகத்தைப் படித்துப் படம் வரைந்து பாஸ் செய்தாள். முன்னங்கால், முழங்கை, கண் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

போட்டிக்கு முந்தின வாரம் சந்தனமாரி அடித்த அடி மதிலைத் தாண்டியது. அந்தப் பக்கம் 'ப்ளக்' என்று சத்தமும், பின்னாலேயே வடிவக்காவின் குரலும் கேட்டன. "எவடி அவ? கொதிக்கிற மீன் குழம்புல போட்டவ எவடி?"

வடிவக்கா தனியாக இருக்கிறவள், முற்றத்தில் கருவாடு காயப்போட்டு விற்கிறவள். அவள் வீட்டுக்குள் போன பந்து எதுவும் முழுசாகத் திரும்பியதில்லை. அரிவாள்மனையில் வைத்து இரண்டாக அரிந்து, இந்தப் பாதி ஒன்று அந்தப் பாதி ஒன்றாக மதிலுக்கு மேலே வீசுவாள். பள்ளிக்கூடத்துப் பந்து விஷயத்திலும் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. கரண்டியால் குழம்பிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி, அதன்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

சந்தனமாரி மதிலில் ஏறினாள். "அடிச்சவ நான்தான். எடுக்கணும்."

"இறங்கிப் பாரு. பந்தோட சேர்த்து உன் சடையையும் அரிஞ்சிருவேன்."

பிள்ளை இறங்கவில்லை, அழுதுகொண்டே இந்தப் பக்கம் திரும்பிக் குதித்தாள். ஜெபக்கனி வாசல் வழியாகப் போய் நின்றாள். "அக்கா, பிள்ளைக மேல கோவிச்சுக்கிடாதிய. நான் வேணா எடுத்துக்கிடட்டுமா?"

வடிவக்கா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா அடிச்சிய? அடிச்சவதானே எடுக்கணும், அதானே உங்க சட்டம்? நானும் மதிலுக்கு மேல எட்டிப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். காலை வையி, கையைத் தூக்குன்னு கத்துதியளே ஒழிய, நீங்க ஒரு பந்தாவது அடிச்சிருக்கியளா டீச்சர்?"

ஜெபக்கனிக்கு முகம் செத்துப்போயிற்று. வந்த வழியே திரும்பி நடந்தாள்.

வேறொரு பந்து இருக்கிறதென்று வைத்துக்கொண்டு பார்த்தார்கள். வைத்துக்கொள்ள முடியவில்லை. பேட்டில் காற்றுதான் பட்டது, வாளிக்குள் ஒன்றும் போகவில்லை, சண்டை போடக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. கணக்கு வாத்தியார் மைதானத்து ஓரமாக நடந்து, வெயில் எங்கே விழும், கரும்பலகையை எங்கே சாய்க்கலாம் என்று இடம் பார்த்துவிட்டுப் போனார்.

போட்டி டவுனில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் நடந்தது. புல் வளர்த்த மைதானம், கரஸ்பாண்டன்ட் மங்களராஜின் அறைக்குத் தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி. சிப்பிக்காட்டுக்காரர்கள் உப்பு லாரியில் வந்து இறங்கினார்கள். தேவசகாயமும் வந்திருந்தார், சட்டைப் பையில் சாக்பீஸ் தெரிந்தது.

டவுன் பிள்ளைகள் முதலில் ஆடி நல்ல ரன் எடுத்துவிட்டார்கள். பிறகு நம் பிள்ளைகள் நிஜப் பந்தை ஆட வந்தார்கள். ஆடத் தெரியாமல் இல்லை. கால் சரியாகப் போனது, முழங்கை சரியாக உயர்ந்தது, பந்தும் பேட்டில் நன்றாகவே பட்டது. கூத்து அதற்கப்புறம்தான். முதலில் வந்த முத்துக்கனி அழகாக ஒன்றைத் தட்டிவிட்டாள், உடனே பேட்டைக் கீழே போட்டுவிட்டு, பந்துக்குப் பின்னால் ஓடி, டவுன் பிள்ளைகளை இடித்துத் தள்ளி, பந்தை எடுக்கப் போனாள். அவர்கள் பந்தை எடுத்து நிதானமாக ஸ்டம்பைத் தட்டினார்கள். அடுத்து வந்தவளும் அடித்தாள், ஓடினாள், அவுட். அடுத்தவளும் அப்படியே. மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. அப்போதுதான் ஜெபக்கனிக்குப் புரிந்தது. அடிக்கச் சொல்லிக்கொடுத்தாளே தவிர, மற்ற ஊர்களில் அடித்தவள் எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டாள். "எடுக்காதிய! எடுக்காதியட்டி, ரன் ஓடுங்க!" என்று எல்லைக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். டவுன்காரர்களுக்கு இது இன்னும் வேடிக்கையாக இருந்தது.

சந்தனமாரி கடைசியாக வந்தாள். அடித்துவிட்டு, பந்து போகும் பக்கம் துடித்த காலை மறுகாலால் மிதித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் ஓடினாள். ஓடி ஓடி ரன் ஏறியது. ஜெயிக்க ஐந்து ரன், ஒரே ஒரு பந்து பாக்கி என்று வந்து நின்றபோது, அதற்கு முந்தின பந்தை அவள் அடித்த அடியில் அது எல்லைக்கு வெளியே உடைமுள் காட்டுக்குள் போய்விட்டது தெரிந்தது. டவுன் பிள்ளைகள் யாரும் உள்ளே போகத் தயாரில்லை. சந்தனமாரி அம்பயரிடம் கேட்டுக்கொண்டு தானே நுழைந்தாள், கையெல்லாம் கீறலோடு வெறுங்கையாகத் திரும்பினாள். வேறு பந்துகள் விளையாட்டறையில் பூட்டிக் கிடந்தன. சாவி வைத்திருந்த மாஸ்டர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"அப்போ இத்தோட முடிச்சுக்கலாம். நாங்கதானே முன்னால இருக்கோம்" என்றார் மங்களராஜ். ஞானமுத்து ஜெபக்கனியைப் பார்த்தார். தேவசகாயத்தின் கை சட்டைப் பைக்குப் போனது.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கு" என்றது ஒரு குரல். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வடிவக்கா வந்தாள். தனியாக பஸ் ஏறி வந்திருக்கிறாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "வெட்டத்தான் எடுத்தேன் டீச்சர். அரிவாள்மனையில வெச்சா உருண்டு ஓடுது, பிடிச்சு வெச்சா திரும்ப ஓடுது. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. தனியா உக்காந்து சிரிச்சு எத்தனை காலமாச்சு. இந்தாங்க, பிடிங்க. கொஞ்சம் குழம்பு வாசம் அடிக்கும்."

அம்பயர் கையை நீட்டினார். அவர் கை லேசாகத் தாழ்ந்தது. உருட்டிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அம்பயர் நேர்மையான மனுஷர், கையில் கனம் இருந்தால் இருக்கிறதென்றுதான் சொல்வார். "பந்து சரியா இருக்கு" என்றார். மங்களராஜ் சிரித்தார். இல்லாத பந்தில் எவள் ஐந்து ரன் எடுப்பாள் என்ற தைரியம். "போடட்டும், போடட்டும், எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

டவுன் பிள்ளை தயங்கித் தயங்கி ஓடிவந்து கையைச் சுழற்றினாள். சந்தனமாரி நாக்கைக் கடித்தாள், முன்னங்காலை வைத்தாள். 'டொக்.' சிப்பிக்காட்டுத் தலைகள் மட்டும் ஒன்றாக மேலே போய், வளைந்து, இறங்கின. மங்களராஜின் கண்ணாடி மேலிருந்து கீழ்வரை மொத்தமாகக் கொட்டியது.

அம்பயர் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"என்ன சிக்ஸர்? பந்தே கிடையாது!" என்று கத்தினார் மங்களராஜ்.

"சரிங்க. அப்போ கண்ணாடி அதுவா உடைஞ்சிருக்கும்" என்றார் அம்பயர்.

"அதுவா எப்படி உடையும்? அந்தப் பொண்ணு அடிச்சதுதான் உடைச்சது! எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? எவ்வளவு பெரிய கண்ணாடி!"

ஞானமுத்து முன்னால் வந்தார். இதே சிக்கலில் ஒரு மாதம் முன்பு தலையைக் கொடுத்து வெளியே வரத் தெரியாமல் நின்றவர் அவர். நிதானமாகக் கேட்டார். "சார், ஒண்ணு சொல்லுங்க. எங்க பிள்ளை அடிச்சாளா, அடிக்கலையா? அடிக்கலைன்னா கண்ணாடிக்கு எங்களைக் கேக்கக்கூடாது. அடிச்சான்னா, அவளையும் கூட்டிட்டு வந்து, நானே உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கேன்."

மங்களராஜ் உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், அதற்குப் பக்கத்தில் திரண்டு நின்ற பெற்றோர்களைப் பார்த்தார். ஆத்திரம் அவரை முந்திக்கொண்டது. "அடிச்சா! அவதான் அடிச்சா!"

"அப்போ சிக்ஸர்" என்றார் ஞானமுத்து. சொன்னபடி மன்னிப்பும் கேட்டார். பிறகு தேவசகாயத்தின் பக்கம் திரும்பி, "சாக்பீஸை உள்ள வைங்க சார்" என்றார். ஜெபக்கனி அங்கேயே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று கூட இல்லாமல் அழுதாள். சந்தனமாரி கண்ணாடித் தூள்களைத் தாண்டி கரஸ்பாண்டன்ட் அறைக்குள் போய், நாற்காலிக்கடியில் துழாவி, கையை மூடிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாள் ஞானமுத்து தானாகவே பீரோவைத் திறந்தார். உள்ளே இருந்த பந்துகளைத் தரையில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் துள்ளவில்லை, போட்ட இடத்திலேயே மண் உருண்டையாகக் கிடந்தன. செருப்புக்குப் பதிலாக வாசல் கட்ட உதவும் என்று பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

விளையாட்டுப் பீரியடில் சந்தனமாரி பேட்டைக் கொண்டுவந்து ஜெபக்கனியிடம் நீட்டினாள். "இன்னைக்கு நீங்க முதல்ல, டீச்சர்."

"எனக்கெதுக்குட்டி?" என்றாள் ஜெபக்கனி, கை மட்டும் அதற்குள் பேட்டைப் பிடித்துவிட்டது. முத்துக்கனி ஓடிவந்து போட்டாள். காலை வைக்க வேண்டும், கையைத் தூக்க வேண்டும் என்று மனப்பாடமாகத் தெரிந்த எதுவும் ஜெபக்கனிக்கு ஞாபகம் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு விளாசினாள். உள்ளங்கை இரண்டும் அதிர்ந்து, தோள் வரைக்கும் ஏறியது. இத்தனை வருஷம் மற்றவர்கள் கையில் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது பிள்ளைகள் எல்லோரும் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர் அவுட்டு!" என்றாள் ஒருத்தி. "டீச்சர்தான் எடுக்கணும்!" என்றார்கள் எல்லோரும்.

ஜெபக்கனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதிலில் ஏறினாள். முழங்கை சிராய்ந்தது, ஒரு செருப்பு இந்தப் பக்கமே விழுந்துவிட்டது. மேலே உட்கார்ந்து அந்தப் பக்கம் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் அரிவாள்மனையோடு வடிவக்கா உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் குழம்பு தெறித்திருந்தது.

"இப்பதான் சட்டப்படி வாறிய" என்றாள் வடிவக்கா. "இறங்குங்க டீச்சர். சட்டிக்குள்ளதான் கிடக்கு. கரண்டி அந்தா இருக்கு, நீங்களே எடுத்துக்கிடுங்க."